ரிவர்ஸ் கேமரா: கண்ணாடிக்கு எட்டாத அந்த இரண்டு மீட்டர்

கேள்வி இதுதான்: பதினைந்து ஆண்டுகளாகக் கண்ணாடியைப் பார்த்தும் தலையைத் திருப்பியும்தான் ரிவர்ஸ் எடுக்கிறீர்கள். பெரிதாக எதிலும் இடித்ததில்லை. வண்டி பழையது, ஆனாலும் அதில் பார்க்கிங் சென்சார் இருக்கிறது. இதற்கு மேல் ரிவர்ஸ் கேமரா உண்மையிலேயே தேவையா, இல்லை பார்க்க நன்றாக இருக்கும் ஒரு கூடுதல் சாமானா?

தேவை. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாகக் கற்கிறவர்களைவிட உங்களைப்போன்ற பழகிய கைகளிடம்தான் இதை அதிகம் வற்புறுத்துகிறேன். எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் உங்கள் இருக்கையிலிருந்து தெரியவே தெரியாத ஓர் இடம் வண்டிக்குப் பின்னால் இருக்கிறது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அந்த இடம் கண்ணுக்கு வந்துவிடாது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், ஒரு வாளியை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் பம்பருக்கு ஒரு அடி தள்ளி வாளியைக் கவிழ்த்து வையுங்கள். ஏறி உட்கார்ந்து, நடுக் கண்ணாடி, இரண்டு பக்கக் கண்ணாடிகள், கடைசியில் தலையைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாக என்று எல்லா வழியிலும் தேடுங்கள். தெரியாது. இப்போது வீட்டில் ஒருவரை வெளியே நிற்கச் சொல்லி, வாளியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தச் சொல்லுங்கள். உங்கள் கண்ணில் முதலில் படும்போது அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்துவிட்டு வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கொஞ்ச நேரம் பேசுவதில்லை.

காரணம் எளிய கணக்குதான். உங்கள் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின் கண்ணாடியின் கீழ்விளிம்பு 1.1 மீட்டர் உயரம். இரண்டுக்கும் இடையே 2.5 மீட்டர். அப்படியானால் உங்கள் பார்வைக்கோடு மீட்டருக்கு 16 சென்டிமீட்டர்தான் கீழே இறங்குகிறது. 35 சென்டிமீட்டர் உயர வாளி தெரிய வேண்டுமென்றால் அது பின் கண்ணாடியிலிருந்து நாலரை மீட்டருக்கும் அப்பால் போக வேண்டும். தரையில் கிடக்கும் பொருள் தெரிய ஏறக்குறைய 7 மீட்டர். ஒரு வயதுக் குழந்தை எழுந்து நின்றால் சுமார் 75 சென்டிமீட்டர் இருக்கும். அந்தக் குழந்தையின் உச்சந்தலை தெரியவே 2 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தால் தூரம் இன்னும் கூடும். இதெல்லாம் பின் இருக்கையில் ஆளும் தலைசாய்ப்பும் இல்லாதபோது. டிக்கியில் கண்ணாடிவரை சாமான் அடுக்கியிருந்தால் நடுக் கண்ணாடியில் பெட்டிதான் தெரியும்.

கேமரா உட்காருவது நம்பர் பிளேட்டுக்கு மேலே, வண்டியின் கடைசி விளிம்பில். அதற்குப் பின்னால் மறைக்க எதுவும் கிடையாது. பம்பரை ஒட்டிய தரையிலிருந்தே அது பார்க்கத் தொடங்குகிறது. நீங்கள் கவிழ்த்து வைத்த வாளி திரையின் கீழ்ப்பகுதியில் பெரிதாகத் தெரியும்.

சில நாடுகளில் இது சட்டமாகவே ஆனதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2002-இல் அமெரிக்காவில் கேமரன் குல்பிரான்சன் என்ற இரண்டு வயதுச் சிறுவன், தன் தந்தை ரிவர்ஸ் எடுத்த வண்டியில் அடிபட்டு இறந்தான். தந்தை குழந்தை மருத்துவர். குழந்தைகளைப் பற்றி நன்கு அறிந்த, அவர்களைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கே அது நடந்தது. கவனமாக இருந்தால் போதும் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும். அந்தச் சிறுவன் பெயரிலேயே ஒரு சட்டம் 2008-இல் கையெழுத்தானது. அதன்படி விதிகள் எழுதி முடிக்க 2014 ஆகிவிட்டது. 2018 மே முதல் அங்கே விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் பின்பக்கக் காட்சி இருந்தே தீர வேண்டும். கனடாவும் அதே மாதத்தில் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய வண்டிகளில் கேமராவோ சென்சாரோ, பின்னால் இருப்பதைத் தெரிவிக்கும் ஏதாவது ஓர் ஏற்பாடு வேண்டும்.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை அந்த விதியை வெளியிட்டபோது சொன்ன கணக்கு இது: ரிவர்ஸ் வரும் வண்டியில் அடிபட்டு ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறக்கிறார்கள், 15,000 பேர் காயமடைகிறார்கள். இறப்பவர்களில் 31 சதவீதம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், 26 சதவீதம் பேர் 70 வயதைத் தாண்டியவர்கள். ஒரு சாரார் குள்ளம் என்பதால் தெரிவதில்லை, இன்னொரு சாராரால் சட்டென்று விலக முடிவதில்லை. இந்த விபத்துகள் வீட்டு வாசலிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் நடப்பவை. அடிபடுகிறவர் பல நேரம் ஓட்டுகிறவரின் சொந்த வீட்டு ஆளாகவே இருக்கிறார்.

அந்த விதியில் இரண்டு அளவுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. முதலாவது, வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளத்துக்கு என்ன இருக்கிறது என்று திரை காட்ட வேண்டும். சோதனைக்கு அங்கே நிறுத்துவது 32 அங்குல உயரமுள்ள உருளைகளை, அதாவது நடக்கப் பழகும் குழந்தையின் உயரம். இரண்டாவது, ரிவர்ஸ் கியர் போட்ட 2 விநாடிக்குள் படம் வந்துவிட வேண்டும்.

இந்த இரண்டு விநாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழகிய ஓட்டுநர்கள் கேமராவின் பயனை இழப்பது இங்கேதான். மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது ஆமை வேகம்போலத் தோன்றும். ஆனால் அந்த வேகத்தில் வண்டி விநாடிக்கு 1.4 மீட்டர் நகர்கிறது. கியர் போட்ட கையோடு பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டால், படம் வருவதற்குள் வண்டி இரண்டு மீட்டருக்கு மேல் போயிருக்கலாம். எந்த இடத்தைப் பார்க்கக் கேமரா வைத்தோமோ, அந்த இடத்தைப் பார்க்காமலே கடந்துவிடுகிறோம். அதனால் என்னிடம் கற்பவர்களுக்கு ஒரே வரிசைதான்: கால் பிரேக்கில், கியர் ரிவர்ஸில், படம் வரும்வரை அசையக் கூடாது. படம் வந்ததும் முதலில் திரையின் அடிப்பகுதி, பிறகு இரண்டு பக்கக் கண்ணாடிகள், பிறகு தலையைத் திருப்பி ஒரு பார்வை, மறுபடி திரை. அப்புறம்தான் பிரேக்கை மெல்லத் தளர்த்த வேண்டும்.

அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ் என்ற காப்பீட்டுத் துறை ஆய்வு அமைப்பு, கேமரா உள்ள வண்டிகளில் ரிவர்ஸ் விபத்துகள் ஏறக்குறைய 17 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. தானாகவே பிரேக் பிடிக்கும் வசதியும் கேமராவும் சென்சாரும் சேர்ந்திருந்தால் 78 சதவீதம் குறைந்தது. கேமராவுக்கு வெறும் 17-தானா என்று கேட்கத் தோன்றும். எனக்கு இது வியப்பாக இல்லை. கேமரா வண்டியை நிறுத்தாது, காட்ட மட்டுமே செய்யும். பார்ப்பதும் பிரேக் பிடிப்பதும் ஆளின் வேலை. படத்தைப் பார்க்கிறவருக்குக் கிடைக்கும் பயனையும், திரை ஒளிர்ந்தும் பார்க்காதவருக்குக் கிடைக்காத பயனையும் சேர்த்துத்தான் அந்த எண் வருகிறது.

சரி, உங்களிடம் சென்சார் இருக்கிறதே, அது போதாதா? சென்சார் என்பது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் கருவி. தூரம் சொல்வதில் அது கேமராவைவிடக் கெட்டி. சுவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை பீப் சத்தத்திலேயே தெரிந்துகொள்ளலாம், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மெல்லிய கம்பி, தொங்கும் சங்கிலி, பம்பர் உயரத்துக்குக் கீழே இருக்கும் கட்டை ஆகியவை அதற்குத் தப்பிவிடும். மெத்தென்ற துணி ஒலியை விழுங்கிவிடும். பள்ளமோ திறந்த சாக்கடையோ இருந்தால் மோதித் திரும்ப அங்கே எதுவும் இல்லை, சென்சாருக்கு அது வெற்றிடம். இன்னொன்று, சென்சார் கத்தினாலும் என்ன இருக்கிறது என்று சொல்லாது. பின்னால் புல் உரசினாலும் பீப், சைக்கிள் நின்றாலும் பீப். காரணமில்லாமல் பத்து முறை கத்தினால் பதினோராவது முறை நாம் பொருட்படுத்த மாட்டோம். படம் இருந்தால் ஒரு பார்வையில் விஷயம் முடிந்தது. இரண்டும் சேர்ந்திருப்பதே நல்லது. ஒன்று மட்டும்தான் முடியும் என்றால் நான் கேமராவைத் தேர்ந்தெடுப்பேன்.

பாதுகாப்பைத் தாண்டியும் பயன்கள் உண்டு. கழுத்து வலிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது பெரிய விடுதலை. கழுத்தைத் திருப்ப முடியாததால் ரிவர்ஸ் எடுக்க வேண்டிய இடங்களையே தவிர்த்து வந்த ஒருவர், கேமரா பொருத்திய பிறகு மறுபடி தைரியமாக வெளியே போக ஆரம்பித்தார். டிரெய்லர் இழுப்பவர்கள் கொக்கியும் பந்தும் சரியாகச் சேருவதைத் தனியாகவே பார்த்து நிறுத்தலாம், பின்னால் நின்று சொல்ல ஆள் வேண்டாம்.

இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவிலிருந்து பின்னால் வெளியே வருவது இன்னொரு இடம். உங்கள் தலை பின் பம்பரிலிருந்து மூன்று மீட்டர் முன்னால் இருக்கிறது. பாதையில் யார் வருகிறார்கள் என்று நீங்கள் நேரில் பார்ப்பதற்குள் வண்டியின் பாதி வெளியே நீண்டிருக்கும். கேமரா கடைசி விளிம்பில் இருப்பதால், ஒரு அடி வெளியே நீட்டியதுமே இரு பக்கமும் வருகிறவரைக் காட்டத் தொடங்கிவிடும். அங்கே ஒரு நொடி நிறுத்தித் திரையைப் பார்த்துவிட்டு மேலே நகர்வது நல்ல பழக்கம்.

இப்போது கோடுகளுக்கு வருவோம். திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடுகள் தெரியும். சில வண்டிகளில் அவை அசையாமல் நேராக நிற்கும், சிலவற்றில் ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப வளையும். வளைகிற கோடு வண்டி போகப்போகும் பாதையையே காட்டுவதால் கற்பவர்களுக்கு மிகவும் உதவி. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினால் பின்பக்கம் எங்கே போகும் என்பது அவர்களுக்கு ஒரே வாரத்தில் பிடிபட்டுவிடுகிறது.

ஆனால் அந்தக் கோடுகளை நம்பி இடித்தவர்கள் பலர். எனக்கே நடந்திருக்கிறது. பின்னால் ஒரு லாரி நின்றிருந்தது. திரையில் அதன் சக்கரங்கள் மஞ்சள் கோட்டுக்கு அப்பால், நல்ல தூரத்தில் தெரிந்தன. இன்னும் ஒரு மீட்டர் இருக்கிறது என்று வந்தேன். கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் பம்பரில் கீறல்கூட இல்லை. லாரியின் பின்தளம் சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது, அதன் இரும்பு விளிம்பு நேராக என் பின் கண்ணாடியில் பாய்ந்திருந்தது. அன்றுதான் உறைத்தது: திரையில் தெரியும் கோடு தரையில் போட்ட கோடு. தரையைத் தொட்டு நிற்கும் பொருளுக்கு மட்டுமே அது தூரம் சொல்லும். அந்தரத்தில் நீட்டியிருக்கும் எதையும், லாரித் தளமோ, பாதி திறந்த கேட்டோ, வெளியே திறந்த சன்னல் கதவோ, கேமரா இருப்பதைவிடத் தள்ளித்தான் காட்டும். இப்படி எதையாவது பார்த்தால் கோட்டை மறந்துவிடுங்கள், இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரிவிலும் இதே சிக்கல்தான். உங்களுக்குப் பின்னால் தரை மேல்நோக்கி ஏறினால் பொருள்கள் உண்மையைவிடத் தூரமாகத் தெரியும், ஏமாந்து இடிக்க வாய்ப்பு அதிகம். தரை கீழே இறங்கினால் உண்மையைவிடப் பக்கத்தில் தெரியும், அதனால் ஆபத்து குறைவு. டிக்கியில் கனமான சுமை ஏற்றிப் பின்பக்கம் தாழ்ந்திருந்தாலும் கோடுகள் பிசகும்.

புதிதாகக் கற்பவர்களிடம் நான் பார்க்கும் தவறு வேறு. திரை கிடைத்ததும் கண் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பின்னால் போகும்போது வண்டியின் மூக்கு எதிர்ப்பக்கம் வீசி வெளியே வரும். பின் கேமராவுக்கு அது தெரியவே தெரியாது. பின்பக்கம் அழகாக இடத்துக்குள் போய்க்கொண்டிருக்க, முன் பம்பர் பக்கத்து வண்டியை உரசும். அதுபோல ஓரத்திலிருந்து ஓடிவரும் குழந்தையோ நாயோ திரையின் எல்லைக்குள் வரும்போது பிரேக் பிடிக்க நேரம் மிஞ்சாது. அதனால்தான் கண்ணாடிகளையும் தலை திருப்புவதையும் விட்டுவிடக் கூடாது என்கிறேன். கண்ணாடிக்கு எட்டாததைக் கேமரா பார்க்கிறது, கேமராவுக்கு எட்டாததைக் கண்ணாடியும் கழுத்தும் பார்க்க வேண்டும். கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவதும், வீட்டில் சிறு குழந்தை இருந்தால் அது யார் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே கியர் போடுவதும் எந்தக் கேமரா வந்தாலும் மாறாது.

லென்ஸ் விரல் நகம் அளவுதான். ஒரு துளிச் சேறு போதும், பாதிப் படம் போய்விடும். பின் சக்கரம் வாரியிறைக்கும் அழுக்கு நேராக அங்கேதான் படியும். மழைக்காலத்தில் தினமும், மற்ற நாட்களில் வண்டி துடைக்கும்போதெல்லாம் ஈரமான மெல்லிய துணியால் அதை ஒற்றி எடுங்கள். வறண்ட துணியால் தேய்த்தால் மணல் கீறி, படம் நிரந்தரமாக மங்கிவிடும். இரவில் கேமராவுக்கு வெளிச்சம் தருவது ரிவர்ஸ் விளக்குதான். அது மங்கலாக இருந்தால் அல்லது இரண்டில் ஒன்று எரியாவிட்டால் படத்தில் பாதி இருட்டாகும். கேமராவைக் குறை சொல்லும் முன் அந்த பல்பைப் பாருங்கள்.

உங்கள் வண்டி பழையது என்பதால், வெளியே வாங்கிப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். தூசிக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தாங்கும் என்பதை ஐ.பி என்ற குறியீட்டு எண் சொல்லும். ஐ.பி 67 என்றால் தூசி உள்ளே போகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். அதற்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். பார்வைக் கோணம் அகலமாக இருப்பது நல்லதுதான், ஆனால் மிக அகலமானால் ஓரங்கள் வளைந்து, பொருள்கள் சிறிதாகி, தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். 140-150 டிகிரி எனக்குப் பிடித்த அளவு. கம்பியில்லாத கேமராக்களில் படம் சில நேரம் தாமதமாகவோ விட்டுவிட்டோ வரும். ரிவர்ஸில் அரை விநாடித் தாமதமும் பெரிது, ஆகவே கம்பி வைத்ததையே எடுங்கள்.

பொருத்துகிறவர் ரிவர்ஸ் விளக்கிலிருந்து மின்சாரம் எடுப்பார், கியர் போட்டதும் கேமராவும் உயிர்பெறும். கம்பி டிக்கிக் கதவிலிருந்து உடலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதன் வழியாக, கொஞ்சம் தளர்வு விட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இழுத்துக் கட்டினால் கதவைத் திறந்து மூடி ஓராண்டுக்குள் உள்கம்பி முறிந்து, படம் விட்டுவிட்டு வரும். கேமரா செத்துவிட்டது என்று புதிதாக வாங்குகிறவர்களில் பலருக்குச் சிக்கல் அந்தக் கம்பிதான். நம்பர் பிளேட்டின் எழுத்தை மறைக்காதபடி வைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள்.

அடுத்தது, இடவலம். கண்ணாடியில் தெரிவதுபோலவே திரையிலும் உங்கள் இடப்பக்கம் இருப்பது இடப்பக்கமே தெரிய வேண்டும். பல கேமராக்களை முன்பக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதால் படத்தைத் திருப்பும் வசதி இருக்கும், அதைத் தவறாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒருவரை வண்டிக்குப் பின்னால் இடது ஓரத்தில் நிற்கச் சொல்லுங்கள். திரையில் வலது ஓரத்தில் தெரிந்தால் பணம் கொடுக்கும் முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள். இது மாறியிருந்தால் கேமரா இல்லாமல் இருப்பதே மேல்.

கடைசியாகக் கோடுகளை அளந்து பாருங்கள். பின் பம்பரிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தூரத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் மூன்று கோடு போடுங்கள். திரையின் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அவற்றில் எங்கே விழுகின்றன என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வெளியே வாங்கிய கேமராவில் அவை ஏறுமாறாகத்தான் இருக்கும். ஒரு திருகைத் தளர்த்திக் கேமராவைச் சற்றுக் கீழே சாய்த்தால் பெரும்பாலும் சரியாகும். திரையின் அடியில் பம்பரின் விளிம்பு ஒரு கோடுபோலத் தெரியும்படி சாயுங்கள், அப்போதுதான் பம்பரை ஒட்டிய இடம் விடுபடாது. அப்புறம் முதலில் வைத்த அந்த வாளியை மறுபடி அதே இடத்தில், பம்பருக்கு ஒரு அடி தள்ளி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். வாளி முழுசாகத் திரையில் தெரிந்தால் பொருத்தியது சரி.